கோப்பைக்காரரும் எங்கள் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையும்

விருத்தாசலத்தில் கழிப்பறையைப் பற்றி முகம் சுளிக்காமல், மரியாதையோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் கோப்பைக்காரர்தான். செராமிக் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் கழிப்பறைக் கோப்பை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகும் டீக்கடையில் கிளாஸை நகத்தால் தட்டி, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் குடிப்பார். "விரிசல் இருந்தா சத்தம் சொல்லிடும்" என்பார்.

நான் அப்போது ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. பக்கத்து மாதா கோயில்காரர்கள் எங்கள் பள்ளிக்கு ஏதாவது செய்வதென்று கூட்டம் போட்டார்கள். ஒருவர் டிவி என்றாராம், இன்னொருவர் மேடை என்றாராம். அதே கோயிலைச் சேர்ந்த கோப்பைக்காரர் எழுந்து, "அதெல்லாம் அப்புறம். பொண்ணுங்க எங்க போறாங்க?" என்று கேட்டதும் கூட்டமே தரையைப் பார்த்ததாம்.

மறுநாள் என் அறைக்கு வந்து நின்றார்.

"டீச்சர், காலையிலேர்ந்து எத்தினி டம்ளர் தண்ணி குடிச்சீங்க?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"குடிச்சிருக்க மாட்டீங்க. ரெண்டு கக்கூஸு இருக்குது, ரெண்டுலயும் கதவு இல்ல."

டஸ்டரைத் தூக்கி அடிக்கலாமா என்று இருந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம். சாயங்காலம் கருவேப்பிலங்குறிச்சி பஸ் பிடித்து வீடு போய்ச் சேரும்வரை நான் அடக்கிக்கொண்டிருந்ததை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கோயில் செலவில் புதுக் கழிப்பறை வேலை இரண்டு மாதம் நடந்தது. ஒவ்வொரு கோப்பையையும் தட்டிப் பார்த்து, ஒன்றை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினார். தண்ணீர் சரியாக அடித்துக்கொண்டு போகிறதா என்று பார்க்க அவித்த உருளைக்கிழங்குகளைப் போட்டார். மொத்தப் பள்ளியும் வேடிக்கை பார்த்தது. ஒன்றில் நாலாவது கிழங்கு போகாமல் நின்றுவிட்டது. துக்க வீட்டு முகத்தோடு அந்தக் கோப்பையைப் பெயர்த்து மறுபடி வைத்தார். ஃபாதர் ஒரு கல்வெட்டு பதிக்கலாமே என்றதற்கு, "கக்கூஸ்ல கோயில் பேரு வேணாங்க ஃபாதர்" என்றார். ஃபாதர் சிரித்துவிட்டார்.

ஒருநாள் கேட்டேன். "உங்க கோயிலுக்கே ஸ்கூல் இருக்கு. எங்களுக்கு எதுக்குச் செய்றீங்க?"

"அங்க ஃபீஸ் கட்ட முடியாத புள்ளைங்க இங்கதான டீச்சர் வருது? எங்காளுங்க புள்ளையும் இருக்குது, உங்காளுங்க புள்ளையும் இருக்குது. வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கறதுல என்னா வித்தியாசம்?"

பிறகு கோயிலைச் சேர்ந்த இரண்டு பெண்கள் மாலையில் வந்து, பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கோப்பைக்காரர் வெள்ளிக்கிழமைதோறும் சொந்த பிரஷ்ஷோடு வந்து தேய்த்துவிட்டுப் போவார்.

அப்போதுதான் எங்கள் மாணவன் ஒருவனின் அப்பா வந்தார். "சும்மா செய்வாங்களா டீச்சர்? மதம் மாத்தத்தான் வராங்க. மேல எழுதிப் போடுவேன்."

கோப்பைக்காரர் எங்கள் பிள்ளைகளிடம் ஜெபம் என்ற வார்த்தையைக்கூடச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் "தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து" மட்டும்தான். அதை அந்த அப்பாவிடம் நான் சொல்லியிருக்கலாம். மேலே மனு போய்விடுமோ என்று பயந்து, கோப்பைக்காரரைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு யாரும் வரவேணாங்க" என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. "சரிங்க டீச்சர். ஆசிட் மட்டும் ஊத்த விடாதீங்க, பளபளப்பு போயிடும். போயிட்டு வரேன்" என்றார்.

கொஞ்ச நாள் ஒரு வருஷமானது. மனு எதுவும் போகவில்லை. மாலை வகுப்பு நின்றதில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்பவும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். கூப்பிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற வெட்கத்தில் தள்ளிப்போட்டேன்.

உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் பாக்கெட்டோடு போனேன். அடக்கம் முடிந்து நாலு நாளாகியிருந்தது.

அவர் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டார். "நீங்கதானா அந்த டீச்சரு? வெள்ளிக்கெழமையானா சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்துடுவாருங்க. கூப்ட்டு வுடுவாங்கன்னு."

அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் அவர்மேல ரொம்பப் பிரியங்க" என்றேன். "எனக்கு" என்று சொல்லத்தான் வந்தேன், வாய் வரவில்லை.