மல்லாட்டைக் கொல்லை வழியாக வெளிநாடு

வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாரும் கப்பல், கடல், வாந்தி என்று கதை சொல்வார்கள். நானும் போய் வந்தவன்தான். ஆனால் கப்பல் ஏறவில்லை. ஒரு மாட்டுத் திருடனோடு கைவிலங்கில் பிணைந்து, மல்லாட்டைக் கொல்லை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்) வழியாக நடந்தே போனேன். போய்ச் சேர்ந்தது எனக்கே தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

அப்போது முப்பதுகளின் கடைசி. திண்டிவனத்துப் பையனான எனக்கு விழுப்புரத்தில் கான்ஸ்டபிள் வேலை கிடைத்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அரைக்கால் சட்டையும் சிவப்புத் தலைப்பாகையுமாகக் கண்ணாடி முன் நின்றால் எனக்கே பயமாக இருக்கும். (வேறு யாரும் பயந்ததாக நினைவில்லை.) அந்த உடுப்பைப் பார்த்துத்தான் திருவாமாத்தூர் விவசாயி ஒருவர் தன் மகள் தனபாக்கியத்தை எனக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். ஆனியில் கல்யாணம் என்று பேச்சு.

வைகாசியில் அவருடைய உழவு மாடுகள் இரண்டும் களவு போயின. ஆடிப் பட்டத்துக்கு உழ வேறு மாடு கிடையாது. மனிதர் என்னை நிற்கவைத்தே சொன்னார்.

“போலீசு மாப்ளைன்னுதான் பொண்ணு குடுக்க ஒத்துக்கினேன். மொதல்ல மாட்டப் புடிச்சாந்து கட்டுங்க. தாலி கட்டுறதப் பத்தி அப்பாலிக்காப் பேசலாம்.”

தனபாக்கியத்தை நான் ஒரே ஒரு தடவை, பெண் பார்த்த அன்று பார்த்ததுதான். அதற்கே சோறு இறங்காமல் திரிந்துகொண்டிருந்தேன். அவள் வேறு எவனுக்கோ வாழ்க்கைப்படுவாள் என்று நினைத்ததுமே மாடு தேடக் கிளம்பிவிட்டேன்.

திருடியவன் கோவிந்தன் என்று இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோசனம்? ஆள் மாட்டோடு வெளிநாடு தப்பிவிட்டான். வெளிநாடு என்றால் சீமை இல்லை. காலையில் விழுப்புரத்தில் வண்டி கட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். புதுச்சேரியும் அதைச் சேர்ந்த ஊர்களும் அப்போது பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். அதுவாவது ஒரே துண்டாக இருக்குமா என்றால், இல்லை. நம் ஊர் ஒன்று, அடுத்தது அவன் ஊர், அதைத் தாண்டினால் மறுபடி நம் ஊர் என்று கலந்து கிடக்கும். நாற்று நடுகிறவர்கள் ஒரு நாளைக்கு நாலு தடவை ராஜ்யம் மாறுவார்கள். உடுப்பு போட்ட போலீஸ் மட்டும் மாறக்கூடாது.

ஆளைக் கேட்டு வாங்கும் முறையை எங்கள் ஏட்டு எனக்கு விளக்கினார். “நம்ம ஸ்டேஷன்லேர்ந்து சர்க்கிளுக்கு, அங்கேர்ந்து கடலூருக்கு, கடலூர்லேர்ந்து மெட்ராசுக்கு, அப்புறம் புதுச்சேரில இருக்குற நம்ம இங்கிலீஷ் துரைக்கு. அவரு அந்த ஊரு கவர்னருக்குக் குடுப்பாரு. அவங்க அத்தப் பிரெஞ்சுல எழுதிப் படிச்சிட்டு பதில் போடுவாங்க.”

“எவ்ளோ நாளுங்க ஆவும்?”

“அதுக்குள்ள அந்த மாடு கன்னு போட்டுடும்.”

“ரெண்டும் எருதுங்க ஐயா” என்றேன்.

பத்து நாள் கழித்து அதிர்ஷ்டம் அடித்தது. கண்டமங்கலம் பக்கம், நம் எல்லைக்குள் இருந்த ஒரு கிராமத்தில் கோவிந்தனின் தங்கை குழந்தைக்குக் காதுகுத்து என்று துப்பு வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது, வந்தே தீருவான். ஏட்டுக்கு உடம்பு சரியில்லை. என்னைத் தனியாக அனுப்பினார். விலங்கைக் கொடுத்தார், சாவியைக் கொடுக்கவில்லை. “உங்கிட்ட குடுத்தா அதையும் தொலச்சிட்டு வருவ. வண்டிப் பாதையிலயே வா. எங்கியும் குறுக்கால எறங்காத” என்றார்.

நான் போனபோது கோவிந்தன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் குழந்தை. நாற்பது வயது இருக்கும். பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தான். “வாங்க ஏட்டையா” என்றான். (வெறும் கான்ஸ்டபிளை ஏட்டு ஆக்கிவிட்டான். அங்கேயே நான் பாதி உருகிவிட்டேன்.) “கொழந்தைக்குக் காது குத்திக்கினு வந்துடுறேன். நீங்களும் ஒரு வாய் சாப்டுங்க.”

சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை வாங்கினேன். பிறகு என் இடது கையையும் அவன் வலது கையையும் விலங்கில் பூட்டிக்கொண்டு, வெற்றி வீரனாகப் புறப்பட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மைல் போனதும் கோவிந்தன் நின்றான்.

“வண்டிப் பாத சுத்துங்க ஏட்டையா. இந்தக் கொல்லை வழியா எறங்குனா ஜல்தியாப் போயிடலாம். நெழலு கூட உண்டு.”

கைதி வழி சொல்ல, போலீஸ் பின்னால் போனது. ஏட்டு சொன்னது காதில் ஒலித்தது, பாயசம் வயிற்றில் கனத்தது, பாயசம் ஜெயித்தது.

நாலு கொல்லை தாண்டினோம். ஒரு புளியமரத்தடியில் கோவிந்தன் உட்கார்ந்தான். விலங்கு இழுக்க நானும் உட்கார்ந்தேன்.

“எழுந்திர்றா!”

“நீங்க இன்னா ‘டா’ போடுறது? இது பிரெஞ்சு மண்ணு. அதோ எல்லைக் கல்லு, பாத்தீங்களா? நான்தான் இந்த ஊருக்காரன். நீங்க வேத்தாளு.” சொல்லிவிட்டு, ஊருக்கே கேட்கும்படி கத்தினான். “ஐயோ! இங்கிலீஷ் போலீசு என்னத் தூக்கிக்கினு போவுதே!”

கால் மணியில் அந்த ஊர்ச் சிப்பாய்கள் இருவர் வந்து எங்களைத் தங்கள் ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போனார்கள். மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார துரை. அவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். கோவிந்தன் “வுய் முசியே” என்று தலையாட்டினான். நான் பதற்றத்தில் இடது கையாலேயே சல்யூட் அடித்தேன். விலங்கில் இருந்த கை என்பதால் கோவிந்தனும் சேர்ந்து அடித்தான்.

என்னை உள்ளே வைத்துக் கோவிந்தனை விட்டுவிடச் சொல்லி உத்தரவு. எப்படி விடுவது? சாவி விழுப்புரத்தில் இருந்தது. ஆகவே இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ அவனுக்குக் கேப்பைக் கூழ் கொண்டுவந்தார்கள். கோவிந்தன் இடுப்பிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, விலங்கைத் திறந்து, கூழைக் குடித்து, கை கழுவிவிட்டு வந்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

“டேய்... அப்பவே தொறந்துக்கினு ஓடியிருக்கலாமே?” என்றேன்.

“வெயில்ல எதுக்குங்க ஓடிக்கினு? நீங்கதான் பொறுப்பா வூட்டாண்ட கொண்டாந்து வுடுறீங்களே” என்றான்.

அந்த நேரத்தில்தான் வாசலில் மாட்டுமணி கேட்டது. எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. என் வருங்கால மாமனார் நின்றார். பக்கத்தில் தனபாக்கியம். இருவர் கையிலும் ஆளுக்கொரு மாட்டுக் கயிறு.

என்னை நம்பி உட்கார்ந்தால் ஆடி வந்துவிடும் என்று, அப்பாவும் மகளும் முந்தின நாளே கிளம்பி ஊர் ஊராகத் தேடியிருக்கிறார்கள். அவர்களை யார் தடுப்பது? உடுப்பா போட்டிருந்தார்கள்? ஒவ்வொரு ஊர்க் கோடியிலும் தனபாக்கியம் மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம். கோவிந்தனின் அத்தை வீட்டுக் கொட்டகைக்குள்ளிருந்து இரண்டும் கத்தினவாம். அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள். ஐந்து ஆபீஸ் காகிதம் செய்ய வேண்டிய காரியம்.

ஊர் திரும்பும் வழியில், ஸ்டேஷன் வாசலில் என்னை வேடிக்கை பார்த்த கூட்டத்தைக் கண்டு அவர்களும் எட்டிப் பார்க்க, நான் கண்ணில் பட்டேன். மண்ணில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

“மாட்டத்தான் நாங்க மீட்டோம். மாப்ளையையும் நாங்கதான் மீக்கணுமா?” என்றார் மாமனார். “இன்னா பேஜாரு இது! வாம்மா போவலாம்.”

தனபாக்கியம் நகரவில்லை. என் தலைப்பாகை, விலங்கு, மீசையில் காய்ந்திருந்த பாயசம், எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

“இவ்ளோ தூரம் வந்துட்டோம். ஒரே நடையா இவரையும் ஓட்டிக்கினு போயிடலாம்ப்பா” என்றாள்.

என் வாழ்நாளில் அதைவிடச் சந்தோஷமான வார்த்தையை நான் கேட்டதில்லை. மூன்றாவது மாடாக இருக்க எனக்குப் பூரண சம்மதம்.

அங்கே இருந்த தமிழ்க் குமாஸ்தா ஒரு வழி சொன்னார். போலீசாக வந்தேன் என்றால் இரண்டு சர்க்காருக்கும் தகராறு. சிநேகிதனாக வந்தேன் என்றால் ஒன்றுமில்லை. அவரே பிரெஞ்சில் எழுதினார்: நான் கோவிந்தனின் ஆத்ம நண்பன், அவர் வீட்டு விசேஷத்துக்கு வந்தேன், பேச்சு சுவாரஸ்யத்தில் எல்லை தாண்டினேன், கைவிலங்கு விளையாட்டுக்குப் பூட்டியது. கையெழுத்துப் போட்டேன். கோவிந்தன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான், என்னைவிட அழகாக.

அன்றே என்னை விட்டுவிட்டார்கள். ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்ற காகிதப் பாதையில் அந்த ஒரு காகிதம் மட்டும் ஒரே வாரத்தில் விழுப்புரம் வந்துவிட்டது. ஏட்டு அதை ஸ்டேஷன் முழுக்க வாசித்துக் காட்டினார். என்னைக் கூட்டேரிப்பட்டுக் கூட்டுரோட்டில், மாட்டு வண்டிகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று பார்க்க நிறுத்தினார்கள்.

மாடு கிடைத்ததும் மாமனார் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. முன் வரிசையில், சலவை வேட்டியில் ஒரு கனவான் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்தார். கோவிந்தன்! யாரென்று திண்டிவனத்து உறவினர்கள் விசாரிக்க, “மாப்ளையோட சிநேகிதருங்க. சர்க்கார் காயிதத்துலயே கீது” என்று அவனே பதில் சொன்னான். மாமனார் பேச்சை நிறுத்திவிட்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினார்.

இன்றும் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் என்றால், பத்திரிகை எழுத உட்கார்ந்ததும் பேரப்பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி: “மாப்ள சிநேகிதரு யாரனா வர்றாங்களா? மாட்ட உள்ள கட்டணும்.” வீட்டில் மாடு இல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அதனால் தனபாக்கியம் எழுந்து வந்து, மிச்சமிருக்கும் மூன்றாவது மாடான என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறாள்.