மூன்று நாள் எரிந்த மெத்தை

என் சுருட்டைத் தலையனுக்கு,

உன் பைபின் எழுதுவது. நானும் பசுவும் சுகம். நீ இருக்கும் இடத்தில் ஈரமும் குளிரும் கிடையாது என்று பாதிரியார் சொல்கிறார். அவர் நம் மலையைத் தாண்டியதில்லை, இருந்தாலும் நம்புகிறேன். இதை உன் கல்லறைக் கல்லுக்கடியில் செருகி வைப்பேன்.

நீ போவதற்கு நாலு நாள் முன்னால்தான் போலீஸ் சார்ஜென்ட் க்வின்லன் நம் கடைசிச் சாராய ஜாடியையும் உடைத்தார். அதனால் உன் சாவுக்கு வந்தவர்களுக்கு வெறும் டீ. உன் தம்பி ஃபெஸ்டி எல்லோர் காதிலும் விழும்படி, "ஊருக்கே சாராயம் காய்ச்சினவர் சாவுல டீயா, அண்ணி? எங்கண்ணன் எந்திரிச்சுப் போயிருவாரு" என்றான். நீ எழுந்திருந்தால் நான் டீயோடு விட்டிருப்பேன். நீ எழவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு நல்ல சரக்கு ஊற்றுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நீ ஏரிக்குள் ஒளித்து வைத்த, சாராயம் வடிக்கும் செம்புச் சுருளை வெளியே இழுத்தேன், பார்லியை ஊறல் போட்டேன், எல்லாம் உன் பக்கத்தில் நின்று பார்த்ததுதான், புகைக்குத்தான் பயம், க்வின்லன் சாலை முனையில் சைக்கிளைச் சாத்திக்கொண்டு நம் கூரையையே பார்க்கிறார். அப்போதுதான் தோன்றியது. செத்தவர் படுத்த வைக்கோல் மெத்தையை எரிப்பதை எந்தப் போலீஸ் தடுக்கும்? கொட்டகைக்குள் அடுப்பு, வாசலில் வைக்கோல், இரண்டு புகையும் ஒன்றாகிவிட்டது. வாடையை மறைக்கக் கோழி இறகும் போட்டேன். முதல் நாள் அவர் தொப்பியைக் கழற்றி ஜெபம் சொன்னார். இரண்டாம் நாள் பாவம், தன் கையாலேயே ஒரு கட்டு வைக்கோலை நெருப்பில் போட்டார். மூன்றாம் நாள்தான் கேட்டார்.

"ஏம்மா, உம்புருசன் மொத்தம் எத்தன படுக்கையிலதான் படுத்தாரு?"

"அவரு குறட்டைக்கு ஒரே எடத்துல வச்சுக்க முடியுமா, சார்? தொரத்துற எடத்துல எல்லாம் ஒண்ணு போட்டிருந்தேன்."

தலையாட்டிக்கொண்டே போனார். அவர் வீட்டிலும் குறட்டை போலிருக்கிறது.

எரிந்ததெல்லாம் பசுவின் வைக்கோல். உன் மெத்தையை எரிக்க எனக்குக் கை வரவில்லை. அதில்தான் படுக்கிறேன், நடுவில் உன் பள்ளம் அப்படியே இருக்கிறது.

நேற்று பூசை முடிந்து ஊரே வந்தது. ஃபெஸ்டி ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். "எங்கண்ணன் கைப்பக்குவம். எங்க ஒளிச்சு வச்சிருந்தாரு, அண்ணி?"

"உங்கண்ணன் இல்லடா. நான் காய்ச்சினது."

கோப்பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி நீட்டினான். உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று மூன்று பேர் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

கடவுள் உன்னைத் தம் வலப்பக்கத்தில், அடுப்புக்குக் கிட்டே உட்கார வைக்கட்டும்.

உன் பைபின்

பின்குறிப்பு: இன்று காலை ஏரிக்கு அக்கரையிலிருந்து விதவை டெலியா கழுதை வண்டியில் ஒரு மெத்தை கொண்டுவந்தாள். "அவரு படுத்த மெத்தை எல்லாத்தையும் எரிக்கிறீங்களாமே, சார்ஜென்ட் சொன்னாரு. இதையும் சேத்துக்கங்க, அக்கா" என்று இறக்கிவிட்டுப் போனாள். உறையில் இருப்பது என் தையல். பத்து வருஷத்துக்கு முன்னால் பசு தின்றுவிட்டது என்று நீ சொன்ன மெத்தை. சொல், சுருட்டை, பசுவா தின்றது?