மண்டபத்துப் படம் களவு போனது பற்றி மச்சானுக்கு

அன்பும் பெருமதிப்பும் மிக்க மச்சான் வரதராஜா அவர்களுக்கு,

பொயிண்ட் குக்கிலிருந்து சிவபாலன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை விஜயாவும் நலம். சிட்னியில் நீங்களும் சுஜீவா அக்காவும், குறிப்பாக அக்காவின் முழங்காலும் நலமாயிருக்க மேய்ஸ் ஹில் முருகன் துணை நிற்பானாக. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் கதைத்தால் இங்கே விஜயாவுக்குக் கேட்கும், அங்கே அக்காவுக்குக் கேட்கும். ஆகவே கதிரையில் இருந்துகொண்டு வாசிக்கவும். விஜயாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீங்கள் கீறி அனுப்பிய அவவின் படம், எங்கள் முதியோர் சங்க மண்டபத்தில் எல்லாரும் பார்க்கட்டும் என்று நான் மாட்டிவைத்த அந்தப் படம், களவு போய்விட்டது. பதற வேண்டாம். உலகத்தில் நல்ல படங்களைத்தான் களவெடுப்பார்கள். அத்துடன், எடுத்த ஆளை எனக்குத் தெரியும்.

நடந்ததை ஒழுங்காய்ச் சொல்லுறன். பக்கத்து வீட்டு லாவ் ஹொங்கொங்காரர், பல் டொக்டரா இருந்து ஓய்வெடுத்தவர். மனிசி மகளைப் பார்க்கப் போனதால ஒரு ரிக்கெற் மிஞ்சிப்போச்செண்டு என்னைத் தியேட்டருக்குப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர். கன்ரோனீஸ் படம். வயசுபோன நாலு கள்ளர் சேர்ந்து மியூசியத்தில இருந்து ஒரு ஓவியத்தைத் தூக்குகினம். கீழ இங்கிலிசில எழுத்து ஓடுது, "உள்ளுக்கு ஆர்?" எண்டதை நான் வாசிச்சு முடிக்கேக்க உள்ளுக்கு நிண்டவர் வெளியில வந்து காரில ஏறிட்டார். லாவ் காதுக்குள்ள விளக்கம் சொல்லுறார், அந்தக் காதுக்குள்ள சொல்லுற சத்தத்துக்கு முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்குது. ஆனாலும் முக்கியமான விசயம் எனக்கு விளங்கிச்சுது மச்சான். அவங்கள் கூரையால இறங்கேல்லை. பட்டப்பகலில வேலையாக்கள் போடுற மஞ்சள் வெஸ்ட் போட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலால போறாங்கள். ஏணியோட வாற ஆளை ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்லை. கடைசியில பெட்டியைத் திறந்தா உள்ளுக்கு ஒண்டுமில்லை, வேறை ஆரோ முந்திட்டினம். லாவ் அழுதார். நானும் அழுதனான், ஏனெண்டு எனக்குத் தெரியாது.

குறை நினைக்கக் கூடாது மச்சான். உங்கட படத்தில சீலைக் கரை அச்சொட்டா இருந்தது, தோடு இருந்தது, கண் மட்டும் ஒண்டு குசினிப் பக்கம் பார்த்தது, மற்றது கார் நிப்பாட்டுற இடத்தைப் பார்த்தது. போன மாசம் சங்கத்துச் சாப்பாட்டில யோகா அக்கா படத்துக்கு முன்னால நிண்டு, "இந்த ஐயா ஆர், செத்துப்போன தலைவரோ?" எண்டு கேட்டிட்டா. மேசை முழுக்கச் சிரிப்பு. விஜயா பாயாசத்தை அப்பிடியே வைச்சிட்டு எழும்பி வந்தவ. மனிசிக்கு வெக்கமாப் போச்செண்டு நினைச்சன். படத்தைக் கழட்டுங்கோ எண்டு சங்கத்தைக் கேட்டா, செய்தி உங்கட காதுக்கு வந்திடும், நீங்கள் நொந்து போவீங்கள். அதால களவெடுக்கிறதுதான் மரியாதை எண்டு முடிவெடுத்தன். லாவுக்குச் சொன்னன். அவர் "யெஸ்" எண்டு சொல்லிப்போட்டு உடனே கறுப்புக் கண்ணாடி எடுக்கப் போனார்.

சனிக்கிழமை காலமை மஞ்சள் வெஸ்ட், ஏணி, நானும் லாவும். வாசலிலேயே செயலாளர் அருந்தவன் பிடிச்சிட்டார். "அட, சிவபாலன் அண்ணை! ஏணியும் கொண்டு வந்தனீங்களே? கடவுள் அனுப்பின மாதிரி!" எண்டு உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போய், எரியாத பல்ப் எல்லாத்தையும் மாத்த வைச்சு, மின்விசிறியைத் துடைக்க வைச்சு, மணிக்கூட்டுக்கு பற்றரி போட வைச்சு, பிறகுதான் விட்டவர். ஏணியோட போனா ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம் எண்ட கதை ஹொங்கொங்குக்குச் சரி, எங்கட ஆக்களிட்டை வாய்க்காது. ஒருமாதிரிப் படத்தடிக்கு வந்து ஏறிப் பார்த்தா, மச்சான், ஆணி மட்டும்தான் நிக்குது. கீழ நிண்ட லாவ், "சேம் அஸ் மூவி! சேம் அஸ் மூவி!" எண்டு துள்ளுறார். அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்த அருந்தவன் வெறும் ஆணியைப் பார்த்தார், ஏணியில நிக்கிற என்னைப் பார்த்தார். "அண்ணை, படத்தை எங்க வைச்சனீங்கள்?" எண்டார். எடுக்காத படத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல? திருத்தக் குடுத்திருக்கு எண்டு வாயில வந்ததைச் சொல்லிப்போட்டு வந்திட்டன்.

வீட்டை வந்தா விஜயா கார் டிக்கியைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறா. உள்ளுக்குப் போர்வையால சுத்தின ஒரு சாமான். மூலையில உங்கட கையெழுத்துத் தெரியுது.

"நீரே எடுத்தனீர்?"

"ஓம். வியாழக்கிழமை மண்டபத்தில பஜனை முடிய எடுத்தனான். இப்ப என்ன?"

"வெக்கமா இருந்தா எனக்குச் சொல்லியிருக்கலாமே."

விஜயா என்னை ஒரு பார்வை பார்த்தா மச்சான். "எனக்கென்ன வெக்கம்? அண்ணா கண் ஒப்பரேசன் செய்து, ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு, மற்றக் கண்ணிலயும் வெள்ளை படர்ந்திருக்க, பிறந்தநாளுக்குப் பிந்தக் கூடாதெண்டு இருந்து கீறினவர். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு எனக்கு மட்டும் சொன்னவர். அதைப் பார்த்து ஆக்கள் சிரிக்க, நான் பாயாசம் குடிச்சுக்கொண்டு இருக்கிறதே?"

அப்பத்தான் ஏணியைக் கீழ வைச்சனான். பிறகு நாங்கள் ரெண்டு பேருமாய்த் தூக்கிக்கொண்டு போய் சாப்பாட்டு மேசைக்கு நேரே மாட்டினம். லாவ் வந்து கனநேரம் பார்த்திட்டு, "வெரி குட் சிஸ்டர்" எண்டவர். படத்தைச் சொன்னவரோ ஆளைச் சொன்னவரோ, நான் கேக்கேல்லை.

அக்காவுக்கு எங்கள் அன்பு. கோயிலுக்குப் போனால் எங்கள் பெயருக்கும் ஒரு அர்ச்சனை செய்யவும். எல்லா நலமும் உங்கள் வீட்டில் நிறையட்டும்.

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
சிவபாலன்

பி.கு.: முத்திரை தேட வந்த விஜயா முழுக்க வாசிச்சிட்டா. அதால மேல எழுதினது எல்லாத்தையும் மறந்துவிடவும். படம் மண்டபத்திலதான் இருக்கு, எல்லாரும் புகழுகினம், உங்கட கண்ணைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. வாற மாசம் உங்கட மற்றக் கண் ஒப்பரேசன் நடக்கிற அண்டைக்கு, நாங்கள் ரெண்டு பேரும் தற்செயலா சிட்னியில நிப்பம்.