‘எக்ஸ்பெடைட்’ என்று எழுதும் சகலைக்கு

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எங்களைவிட நலமாகவே இருப்பீர்கள் என்பதால் விசாரிக்கவில்லை. இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும், இனி முடியாது.

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த நீங்கள், இன்று எனக்கு மேலதிகாரியாக ஜன்னலோர அறையில் உட்கார்ந்திருப்பது ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லின் தயவில். வருகிற கோப்பிலெல்லாம் சிவப்பு மையில் ‘எக்ஸ்பெடைட்’ என்று எழுதித் தள்ளுகிறீர்கள். அதற்குப் பொருள் ‘சீக்கிரம்’ என்று விரட்டுவதல்ல. காலில் மாட்டிய தளையை அவிழ்த்துவிடுவது என்பது அதன் லத்தீன் வேர். குறுக்கே நிற்பதை நீக்கிக் காரியத்தைத் துரிதப்படுத்துகிறவனுக்கே அந்தச் சொல் உரியது. நாற்காலியில் சாய்ந்தபடி எழுதுகிறவனுக்கு அல்ல. இப்போது எல்லாக் கோப்பும் சிவப்பாகிவிட்டதால், சிவப்பில்லாத கோப்பைத்தான் ஏதோ விசேஷமென்று பயந்து கிளார்க்குகள் முதலில் எடுக்கிறார்கள். குவார்ட்டர்ஸ் கேட்டு நான் போட்ட விண்ணப்பத்திலும் நீங்கள் அதை எழுதினீர்களாம். உறவுக்காரனுக்குச் சலுகை போலும். அது குவியலின் அடிக்குப் போய்விட்டது. எங்கள் மாடி வீடோ கட்டில் வரைக்கும் ஒழுகுகிறது. நேற்று வாளியோடு நின்றவனைப் பார்த்து என் மனைவி நிதானமாகச் சொன்னாள்: “என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எழுதினா ஆபீஸே ஓடுது. நீங்க அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டு வாளிய நகர்த்துறீங்க.” வயிறு எரியாதா, சொல்லுங்கள். அதோடு விட்டாளா? இன்று காலை குளியலறைக் கதவைத் தட்டி, “கொஞ்சம் எக்ஸ்பெடைட் பண்ணுங்க” என்கிறாள். என் வீட்டுக் குளியலறை வரைக்கும் வந்துவிட்டீர்கள் சகலை.

மைத்துனிக்கு என் அன்பு. உங்களுக்குச் சகல நலமும், கூடவே கொஞ்சம் அடக்கமும் வாய்க்கட்டும்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மனைவி குவார்ட்டர்ஸ் சாவியோடு வந்து நிற்கிறாள். என் கோப்பைக் குவியலின் அடியிலிருந்து நீங்களே உருவி எடுத்து, மேஜை மேஜையாக நடந்து, பக்கத்திலேயே நின்று கையெழுத்து வாங்கினீர்களாம். ஆக, அந்தச் சொல்லின் பொருளும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கிழித்துப் போடலாமென்று பார்த்தால், லத்தீன் வேரைப் பற்றிய இடம் நன்றாக வந்திருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்க்கிறேன். எழுதியது யாரென்று உங்களுக்குத் தெரியவா போகிறது.