‘அதுல என்ன இருக்கு’ ஆசாமியும் ஒரு பிரேக் குழாயும்

பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் உண்டு. தெரியாதவர்களும் உண்டு. இந்த இரண்டு வகையோடும் நமக்கு எந்தத் தகராறும் இல்லை. மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறதே, எதைக் காட்டினாலும் “அதுல என்ன இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிடும் வகை, அவரைப் பற்றித்தான் பேச்சு. உங்களுக்கு அவரைத் தெரியும். உங்கள் சமையலறைக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கவைத்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனவர் அவர்தான்.

நம் ஆசாமியிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஒருநாள் காலை அதன் பிரேக்கை மிதித்தார். கால் தடையே இல்லாமல் தரை வரைக்கும் போய்விட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தால், பின்சக்கரத்துப் பக்கம் குழாய் துருப்பிடித்து இற்று உடைந்து, பிரேக் ஆயில் குளம் கட்டி நிற்கிறது. வேறு யாராவது என்றால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

மனைவிக்கு மலரவில்லை. மறுநாள் பிற்பகல் அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றுவிட்டு, இந்தத் தடவையாவது லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும் என்று தூக்கத்தில்கூடக் கியர் மாற்றிக்கொண்டிருந்தாள். பயிற்சிப் பள்ளியின் வண்டியில் போனதால்தான் அந்த இரண்டு தோல்வியும் என்று ஆராய்ந்து கண்டுபிடித்து, இந்த முறை நம் வண்டிதான் என்று வாக்குக் கொடுத்திருந்தவர் இவர். மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமே என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பதில் என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த வகையினர் எடுத்த எடுப்பில் வேலையைத் தொடுவதில்லை. முதலில் ஊரிலுள்ள மெக்கானிக்குகள் அத்தனை பேரையும் திட்ட வேண்டும். பிறகு இரண்டு வீடியோக்களைப் போட்டு, இரண்டிலும் முதல் பாதியை மட்டும் பார்க்க வேண்டும். அப்புறம் பழைய போர்வையை விரித்து, வீட்டிலுள்ள ஸ்பேனர்களை எல்லாம், இந்தக் காருக்குப் பொருந்தாதவை உட்பட, வரிசையாக அடுக்க வேண்டும். கடைசியாக டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் அவர் பல வருஷங்களுக்கு முன்பே கல்யாணம் செய்துகொண்டுவிட்டாரே.

உடைந்த குழாயைக் கழற்றினார். அதன் இரு முனைகளிலும் இருந்த நட்டுகளை எடுத்துத் துடைத்து, மனைவியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“பத்திரமா வெச்சிரு. இது தொலைஞ்சா எல்லாம் போச்சு.”

இங்கே ஒரே ஒரு சின்ன விஷயம். கடையில் வாங்கி வந்த புதுக் குழாயின் முனையைக் கருவியால் புனல் மாதிரி விரிக்க வேண்டும். அதற்கு முன்னால் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். விரித்த பிறகு நட்டு நுழையாது. கெஞ்சினாலும் நுழையாது. வீடியோவில் இது இரண்டாம் பாதியில் வருகிறது.

குழாயை வளைத்தார், ஒரு முனையை விரித்தார், மறு முனையையும் விரித்தார், தூக்கிப் பிடித்துக் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் பார்த்தார்.

“என்னங்க, இந்த நட்டு…”

“நடுவுல பேசாதே. கவனம் சிதறுது.”

அப்புறம் கையை நீட்டினார். நட்டு வந்தது. நட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மறுபடி நட்டைப் பார்த்தார். இந்தக் காலத்துக் குழாய்களில் தரமே இல்லை என்று சொல்லிவிட்டு இரு முனைகளையும் வெட்டினார். அடுத்த தடவை ஒரு நட்டைக் கோத்தார், மற்றதை மறந்தார். அதற்கடுத்த தடவை இரண்டையும் கோத்தார். ஒன்று தலைகீழாக இருந்தது. வெட்ட வெட்டக் குழாய் குட்டையாகிக்கொண்டே வந்து, சாயங்காலம் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்தபடி வெகுநேரம் யோசித்தவர், சக்கரத்தைத்தான் தள்ளி வைத்துவிட்டார்கள், வடிவமைத்தவனுக்கு மூளை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். சக்கரத்தை முன்னால் நகர்த்த முடியுமா என்றுகூட ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

மறுநாள் காலை இரண்டாவது குழாய் வந்தது. அதுவும் மதியத்துக்குள் தேய்ந்து பென்சில் நீளத்துக்கு வந்தது. மூன்றாவதை வாங்கப் போனபோது, பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறீர்களோ என்று கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார். இவர் இல்லை என்று சொல்லவில்லை.

திரும்பி வந்தால் மனைவியைக் காணோம். ஓட்டுநர் இருக்கையில் கைக்குட்டை விரித்து, அதன்மேல் இரண்டு நட்டுகளும் பத்திரமாக இருந்தன. அவள் பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்து அவர்கள் வண்டியிலேயே போய்விட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தவள் தேறிவிட்டதாகச் சொன்னாள். அதையே இன்னொரு தரமும் சொன்னாள். மூன்றாவது முறை அல்லவா. தேர்வாளர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாராம்: ஓடுகிற வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

“கியரைக் குறைப்பேன், ஹேண்ட் பிரேக்கை மெதுவா இழுப்பேன், என்ன ஆனாலும் எங்க வீட்டுக்காரரை மட்டும் கூப்பிட மாட்டேன்னேன். சிரிச்சுக்கிட்டே பாஸ் போட்டுட்டார்.”

வண்டிக்கு அடியிலிருந்து தலை நீண்டது. முகம் முழுக்கக் கறுப்பு. அதில் பெருமை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“சரியாத்தான் சொல்லியிருக்கே. வண்டி ஓட்டறப்ப போன் பேசவே கூடாது.”

அவள் கைக்குட்டையிலிருந்து இரண்டு நட்டுகளையும் எடுத்து, வளைத்ததோடு நின்று இன்னும் விரிக்காமல் கிடந்த மூன்றாவது குழாயில், ஒன்று இந்தப் பக்கம் பார்க்க, ஒன்று அந்தப் பக்கம் பார்க்கக் கோத்து, அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அரைமணியில் குழாய் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் எழுந்து இடுப்பில் கைவைத்து, கேட்க ஆளில்லாவிட்டாலும் உரக்கச் சொன்னார்: “பார்த்தியா? அதுல என்ன இருக்கு?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு அலமாரி மூலையிலும் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறதே, அதற்குள் திருகாணியும் நட்டுமாகக் கொஞ்சம் கிடக்கின்றனவே, ‘கம்பெனிக்காரன் கூடுதலா போட்டிருக்கான்’ என்று சொல்லித்தானே அவற்றை அதில் போட்டீர்கள்? அவை எதிலிருந்து மிஞ்சியவை என்று இப்போது நான் கேட்கப்போவதில்லை. நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.