கம்ப்யூட்டருக்குள் பஞ்சு

தையல் மிஷினை இன்றைக்கே அந்த அறையைவிட்டுக் கிளப்பிவிடுவது என்று நம்மவர் முடிவெடுத்தபோது, பல் தேய்த்த ஈரம்கூட மீசையில் காயவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. விடியற்காலையிலேயே எழுந்து ஒரு சரித்திர நாவலைத் திருத்திக்கொண்டிருந்தார். ராஜா வாளை உருவினார். கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிட்டது. மறுபடி போட்டார். ராஜா மறுபடி உருவினார். மறுபடி அணைந்தது. வெட்டவும் வழியில்லை, உறையில் போடவும் வழியில்லை. ராஜா பாவம் அப்படியே நின்றார்.

பல் தேய்த்துவிட்டு வந்து கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டார். பெட்டியைத் திறந்து எவ்வளவு காலமாச்சு என்று கடைக்காரர் கேட்டார். அதைத் திறக்கலாம் என்பதே நம்மவருக்கு அப்போதுதான் தெரியும். உள்ளே தூசி அடைத்துக்கொண்டு, காற்று போக வழியில்லாமல் சூடேறி, அது தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்று விளக்கிய கடைக்காரர், சுத்தம் செய்யும் முறையையும் சொல்லிக்கொடுத்தார். கடைசியாக, பக்கத்தில் துணிமணி ஏதாவது புழங்குகிறதா என்று விசாரித்தார். அந்தக் கேள்வி நம்மவர் காதில் தேனாகப் பாய்ந்தது.

மனைவி தையற்காரி. இருவருக்கும் ஒரே அறை. ஜன்னலோரம் அவளுடைய மிஷின். எதிர்மூலையில் இவருடைய மேஜை, அதன் அடியில் தரையோடு தரையாகக் கம்ப்யூட்டர் பெட்டி. அந்த ஜன்னலோரத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் அடங்கிப்போனவர்கள், தவறான எண்ணுக்குப் போன் போட்டவர்கள் மட்டுமே.

பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனார். திருகாணிகளைக் கழற்றிப் பக்கத்துத் தகட்டை எடுத்தால், உள்ளே ஒரு கைக்குழந்தை படுக்கிற அளவுக்கு மெத்தை. கடைக்காரர் சொன்னபடி விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயிண்ட் பிரஷால் மெதுவாகத் தட்டினார். சாம்பல் நிறத் தூசிக்கு நடுவே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நூல்பிசிறுகள் வந்தன. அவருக்கு ஏற்பட்ட ஆனந்தத்துக்கு அளவில்லை. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத்தாளில் குவித்து, மனைவியைக் கூப்பிட்டார்.

சண்டைக்குத் தயாராகத்தான் நின்றார். சொல்லவேண்டியதை இரண்டுமுறை மனசுக்குள் பிழை திருத்தியும் வைத்திருந்தார். ஆனால் அவள் குனிந்து ஒவ்வொரு பிசிறாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்தாள். பச்சை, பள்ளிக்கூட நாடகத்துக்குத் தைத்தது. மஞ்சள், பக்கத்து வீட்டுக் குழந்தையின் முதல் கவுன். சிவப்பு, அவளுடைய தங்கையின் கல்யாணத்துக்கு. அவர் தாளை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திவைத்தார். இத்தனை பேருடைய நல்ல நாட்கள் தன் காலடியில் படிந்து கிடந்ததை நினைக்க, என்னவோபோல் இருந்தது.

"இந்தக் கறுப்பும் வெள்ளையும் நான் தைச்சது இல்லீங்க," என்றாள். "உங்க தலையிலேருந்து வந்தது."

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"ஆனா நீங்க நினைக்கிறது சரிதான். ரெண்டு மிஷினும் ஒரே ரூம்ல இருக்கக்கூடாது."

இவ்வளவு சுலபமாக ஜெயித்து அவருக்குப் பழக்கமில்லை. கடைக்காரர் வேறென்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். பெட்டியைத் தரையில் வைக்கக்கூடாது, நாலுபக்கமும் காற்றோட்டம் வேண்டும், துணிப்பஞ்சு கூடவே கூடாது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அவள் யோசித்தாள். தன் மிஷினை ஹாலுக்குக் கொண்டுபோனால் பஞ்சு வீடு முழுக்கப் பறக்கும். கம்ப்யூட்டர் பஞ்சு கிளப்புவதில்லையே என்றாள். அதில் பிழை கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. சாயங்காலத்துக்குள் தன் மேஜையையும் பெட்டியையும் தானே ஹாலுக்குச் சுமந்துவிட்டார்.

ஹாலில் எல்லாம் சுத்தம். கம்ப்யூட்டர் சூடாகவில்லை, அணையவில்லை. ராஜா எதிரியை வெட்டிச் சாய்த்து நாவலையும் முடித்துவைத்தார். திருத்திய பக்கங்கள் போய்ச் சேர்ந்தபின் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது.

"என்ன சார், போர்க்களத்துல ராஜா வாலை உருவிட்டு நிக்கிறாரு?"

நம்மவருக்கு வியர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பிழை அவரைத் தாண்டிப் போனதில்லை. ஏன் என்று உட்கார்ந்து யோசித்தார். அந்த அறையில் அவர் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பார். அவள் தைத்துக்கொண்டே கேட்பாள். ஏதாவது இடறினால் மிஷினை நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொல்வாள். தொந்தரவு என்று அப்போதெல்லாம் சலித்துக்கொண்டதுண்டு. ஹாலில் அவரைக் கேட்பதற்கு நாற்காலிகள்தான் இருந்தன. ஆளில்லாமல் படித்தால் கண் அது பாட்டுக்கு ஓடுகிறது. கருத்து பின்னால் வருவதில்லை.

மறுநாள் அறை வாசலில் போய் நின்றார். அவருடைய மூலை அப்படியே காலியாக இருந்தது. ஒரு துணிமூட்டையைக்கூட அவள் அங்கே வைத்திருக்கவில்லை.

"ஹால்ல வெளிச்சம் பத்தல," என்றார்.

அவள் தலை நிமிராமல், "ஹால்லயா?" என்றாள்.

"வெளிச்சம் இருக்கு. படிச்சா கேக்கத்தான் ஆள் இல்ல."

மிஷின் நின்றது.

"பஞ்சு பறக்குமே. அப்புறம் என் தலையில பழி விழும்."

"விழாது. பெட்டியைப் பலகை மேல வெச்சிடறேன். மாசாமாசம் திறந்து தட்டிடறேன். ரூமைத் தினமும் நானே ஈரத்துணி போட்டுத் துடைச்சிடறேன்." யாரும் கேட்காமலே இவ்வளவும் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என் மிஷினுக்கு அடியிலயும்?"

"அதுக்கு அடியிலயும்."

அவள் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னாலிருந்து தரை துடைக்கிற புது மாப் ஒன்றை எடுத்துவந்தாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அவளுக்கு அது தலைக்குமேல் நின்றது. அவர் உயரத்துக்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

"இதை எப்ப வாங்கினே?"

"நீங்க பெட்டியைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போனீங்களே, அன்னிக்கே."