மச்சான் வித்த ஈரச் செவுரு

இதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் நான் கட்டுன செவுரெல்லாம் என் தலைமேலயே விழட்டும். கொத்தனார் நான், இந்தச் சத்தியத்த லேசுல பண்ண மாட்டேன்.

எங்க மச்சான், அதான் அக்கா புருஷன், படத்துக்குச் சட்டம் போடுற கடை வச்சிருந்தாரு. முன்னாடி கடை, பின்னாடி அக்காவோட அடுப்படி, நடுவுல ஒத்தச் செவுரு. மழையில அது ஊறி, மாடு உக்காந்த மாதிரி ஒரு கறை. "தம்பி, இடிஞ்சு விழறதுக்குள்ள பூசிக் குடுடா"ன்னா அக்கா. நான் சிமெண்ட் குழைக்கிற நேரத்துல கலைத்துறை ஆபீசர், தன் போட்டோவுக்குச் சட்டம் போட வந்து நிக்கிறாரு. கறைய மறைக்கிறேன்னு அது மேல வெறும் சட்டத்த மாட்டுன புத்திசாலி நம்ம மச்சான்.

ஆபீசர் தாடையில கை வச்சிட்டு நின்னாரு.

"யார் வரைஞ்சது?"

"யாரும் வரையல சார். தானா வந்தது"ன்னாரு மச்சான்.

"அடடா! என்ன அர்த்தம்?"

"ஒண்ணுமில்ல சார்."

"என்னா துணிச்சல்! விலை?"

"சார், அது செவுரு..."

"விலையே சொல்ல மாட்டேங்கிறாரு. பெரிய ஆளு"ன்னு குறிச்சிக்கிட்டு, "உத்தரவு வர்ற வரைக்கும் யாரும் இதுல கை வைக்கக் கூடாது"ன்னுட்டுப் போனாரு.

நாலாம் நாள் உத்தரவு வந்துச்சு: "மேற்படி கசிவு நவீன ஓவியமென அறிவிக்கப்படுவதால், அது கசிவதற்கு எவரும் எவ்வகையிலும் இடையூறு விளைவித்தல் ஆகாது." குழைச்ச சிமெண்ட் சட்டியிலயே கல்லாச்சு.

அன்னையிலிருந்து மச்சான் ஓவிய வியாபாரி. கறுப்புச் சட்டை, ராத்திரி பகல் பாக்காம கூலிங் கிளாஸ், வாயத் தொறந்தா "ம்" மட்டும். முன்னல்லாம் "வாங்கண்ணே, கொறச்சுத் தர்றேன்"னு தொண்டை கட்டக் கூவுனப்ப ஒரு ஆளு எட்டிப் பாக்கல. இப்ப "ம்"முன்னா கார் வருது! வசதியானவங்கல்லாம் வீட்டுக்குக் கறை கேட்டாங்க. நான் போயி நல்லா இருக்கற குழாய உடைச்சுக் குடுப்பேன். ஒழுகறத அடைச்சப்ப வாசல்லயே நிக்க வச்சவங்க, ஒழுக விட்டதும் சோபாவுல உக்கார வச்சாங்க.

வெயில் வந்துச்சு. கறை காயுது. ஆபீசர் பதறிட்டாரு: "படைப்பு மங்குனா உங்க மேலதான் நடவடிக்கை!" மச்சான் என்னை மொட்டை மாடியில ஏத்தி, தினம் பத்துக் குடம் தண்ணி ஊத்தச் சொன்னாரு.

"அடேய், இந்தப் பக்கம் நான் நின்னு சமைக்கிறேன்டா!"ன்னு அக்கா கத்துனா.

"கலைக்கு எதிரா பேசாத"ன்னாரு மச்சான்.

பெரிய அதிகாரிங்கல்லாம் வந்து விழா எடுத்த அன்னைக்கு, செவுரு மொத்தமும் கடைப் பக்கமா சரிஞ்சுது. புழுதி அடங்கினா, ஓட்டைக்கு நடுவுல கையில கரண்டியோட அக்கா! அப்புறம் பாருங்க, ஒரே கைதட்டல். "இப்பத்தான் படைப்பு முழுமையாச்சு"ன்னு ஆபீசர் கண்ணத் தொடச்சிக்கிட்டு, அங்கயே ஒரு உத்தரவு எழுதுனாரு: "மேற்படி அடுப்படியில் எப்பொருளையும், எந்நபரையும் இருந்த நிலையிலிருந்து அசைத்தல் ஆகாது."

அக்கா அத ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டா.

கூட்டம் போனதும் மச்சான், "பசிக்குது, சோறு போடு"ன்னாரு.

"நான் அசையக் கூடாதாமே. இந்தக் கரண்டியும் அசையக் கூடாது. கலைக்கு எதிரா பேசாதீங்க."

"ம்"முன்னாரு மச்சான். மொத தடவையா அந்த "ம்"முக்கு ஒண்ணும் கிடைக்கல.

சரி, நீங்க என்ன, வந்ததுலேர்ந்து என் சட்டையில இருக்கற சிமெண்ட் கறையையே பாத்துட்டிருக்கீங்க? ஓசியிலயா? எடுங்க காசு. அர்த்தம் கேட்டா ரெண்டு பங்கு.